விபுலானந்தர் யாழைக் கண்டுபிடித்தாரா? ‘யாழ் நூல்’ பற்றிய குழப்பங்களுக்கு ஒரு விளக்கம்

ஆண்டில் இரண்டு நாட்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் சுவாமி விபுலானந்தரின் படம் ஏறிவிடும். மார்ச் 27 பிறந்தநாள், ஜூலை 19 நினைவுநாள். படத்தோடு நாலு வரியும் வரும்: முத்தமிழ் வித்தகர், உலகின் முதல் தமிழ்ப் பேராசிரியர், யாழைக் கண்டுபிடித்தவர், ஈழத்தின் தவப்புதல்வர். பேச்சுப் போட்டிக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதும் பெரும்பாலும் அந்த நாலு வரியைத்தான். அவர் உண்மையில் என்ன செய்தார் என்று யாராவது அடுத்த கேள்வி கேட்டால் மேடை அமைதியாகிவிடும்.

அடிக்கடி எழும் கேள்விகளை முதலில் வரிசைப்படுத்தலாம்.

1. யாழைக் கண்டுபிடித்தவர் அவரா?
2. ‘யாழ் நூல்’ என்பது யாழ்ப்பாணத்தைப் பற்றிய நூலா?
3. யாழும் வீணையும் ஒன்றுதானே?
4. அவர் மட்டக்களப்பா, அம்பாறையா?
5. விஞ்ஞானம் படித்த ஒருவர் இசைத் தமிழில் ஏன் இறங்கினார்?

இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும்; அது யாழ் என்ற பழந்தமிழ் நரம்புக் கருவியைப் பற்றி அவர் எழுதிய இசை ஆய்வு நூல். நாலாவதற்கு ஒரு பத்தி போதும். மற்ற மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. அவற்றைப் பிரித்தால்தான் யாழ் நூல் விளங்கும்.

எந்த மாவட்டம்?

அவர் பிறந்தது 1892 இல், காரைதீவில். கல்முனைக்கும் நிந்தவூருக்கும் இடையில் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர். அன்று அது மட்டக்களப்பு மாவட்டம். அம்பாறை என்றொரு மாவட்டம் பிரிக்கப்பட்டது 1961 இல். அதற்குள் அவர் மறைந்து 14 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே பழைய நூல்கள் ‘மட்டக்களப்புக் காரைதீவு’ என்று எழுதுவதும் சரி, இன்றைய நிர்வாகக் கணக்கில் அம்பாறை என்பதும் சரி. அவர் பாடசாலை கட்டியதும் சமாதியானதும் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில். இரண்டு மாவட்டத்தாரும் உரிமை கொண்டாடட்டும், சண்டைக்கு இதில் இடமில்லை.

காரைதீவு என்பதில் வேறொரு சேதி இருக்கிறது. அது கண்ணகை அம்மன் கோயில் உள்ள ஊர். கிழக்குக் கரையில் தம்பிலுவில், காரைதீவு, கல்லாறு, செட்டிபாளையம் என்று வரிசையாகக் கண்ணகி கோயில்கள். வைகாசி பிறந்தால் கதவு திறப்பார்கள், கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை காவியம் படிப்பார்கள், கடைசி நாள் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடுவார்கள். வேறு இடங்களில் சிலப்பதிகாரம் பாடப்புத்தகத்தில் வந்து சேரும். இங்கே கோவலன் கதை காதில் விழுந்தபடியே பிள்ளைகள் வளர்கிறார்கள். யாழ் நூல் சிலப்பதிகாரத்தின் மேல் கட்டப்பட்ட நூல் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், இந்த ஊர்ப் பின்னணியைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு பொருத்தமும் உண்டு: உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு முதன்முதலாக அச்சிட்டதும் அதே 1892 இல்தான்.

விஞ்ஞான ஆசிரியர் எப்படி இங்கே வந்தார்?

இயற்பெயர் மயில்வாகனம். தகப்பனார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. கல்முனையிலும் பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். அதற்குப் பிறகு நடந்தவற்றை ஆண்டு வாரியாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் விளக்கம் அந்த வரிசைக்குள்ளேயே கிடக்கிறது.

1. 1911 இல் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி.
2. 1916 இல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா. அதே ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம். இலங்கையிலிருந்து அந்தத் தேர்வில் தேறிய முதல் ஆள் அவர்.
3. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். 1920 இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம். பிறகு மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர்.
4. 1922 இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924 இல் துறவுப் பெயர் விபுலானந்தர்.
5. 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், மறையும் வரை.

‘உலகின் முதல் தமிழ்ப் பேராசிரியர்’ என்று சுருங்கிப் பரவுவது இந்த ஐந்தாவது செய்திதான். இரண்டு பல்கலைக்கழகங்களின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்பதே போதுமான பெருமை.

இதில் கண்ணை நிறுத்த வேண்டிய இடம் 1916. ஒரே ஆண்டில் ஒரே ஆள் ஒருபக்கம் விஞ்ஞானத் தேர்வும் மறுபக்கம் பண்டிதர் தேர்வும் எழுதி இரண்டிலும் தேறுகிறார். தமிழ்ப் புலவர்கள் அன்று நிறையப் பேர் இருந்தார்கள். விஞ்ஞானப் பட்டதாரிகளும் இருந்தார்கள். சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய பழைய உரையையும் அதிர்வெண் கணக்கையும் ஒரே மேசையில் விரித்து வைக்கக்கூடியவர்கள் மிகச் சிலர். யாழ் நூலுக்கு அப்படியொருவர் தேவைப்பட்டார்.

இடையில் ஒரு சிறிய குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 1929 இல் கல்லடி உப்போடையில் அவர் தொடக்கிய சிவானந்த வித்தியாலயத்தின் பெயரில் உள்ள சிவானந்தர், ரிஷிகேசத்துச் சிவானந்தர் அல்லர். இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேரடிச் சீடரும், இவருக்குத் துறவு அளித்த குருவுமான சுவாமி சிவானந்தர். இரண்டு பேரையும் ஒருவராக்கும் பழக்கம் இன்றும் ஓயவில்லை.

யாழ் என்றால் என்ன, வீணை என்றால் என்ன?

வித்தியாசம் ஒரு வரியில்: வீணையில் ஒரு நரம்பு பல சுரம் தரும், யாழில் ஒரு நரம்பு ஒரு சுரம் மட்டுமே தரும்.

வீணையின் தண்டில் 24 மெட்டுகள் உண்டு. ஒரு தந்தியை வெவ்வேறு மெட்டில் அழுத்தும்போது அதிரும் நீளம் மாறும், சுரமும் மாறும். யாழில் மெட்டே கிடையாது. வில்லில் நாண் பூட்டியது போல வளைந்த கோட்டில் நரம்புகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளத்தில். மீட்டினால் அந்தந்த நரம்பு தன் சுரத்தைச் சொல்லும், அவ்வளவுதான். மேற்கத்திய ஹார்ப் இந்த வகையைச் சேர்ந்தது. பெரும்பாணாற்றுப்படையில் மாடு மேய்க்கும் இடையன் குழல் ஊதிச் சலித்த பிறகு குமிழ மரக் கொம்பில் மரல் நாரைக் கட்டி வில்யாழ் செய்து வாசிக்கிறான். யாழ் எங்கிருந்து பிறந்தது என்பதை ஊகிக்க அந்த ஒரு காட்சி போதும்.

உரையாசிரியர்கள் நான்கு யாழ்களுக்கு நரம்புக் கணக்குச் சொல்கிறார்கள்: பேரியாழ் 21, மகரயாழ் 19, சகோடயாழ் 14, செங்கோட்டியாழ் 7. பத்துப்பாட்டு சீறியாழ் பற்றியும் பேசுகிறது. ஆக யாழ் சங்ககாலத்திலேயே ஊரறிந்த கருவி. அதை 20ஆம் நூற்றாண்டில் ஒருவர் ‘கண்டுபிடிக்க’ வழியில்லை.

பிறகு அவர் செய்தது என்ன? வழக்கொழிந்த கருவியின் சுர அமைப்பைப் பழைய நூல்களிலிருந்து கணக்காக மீட்டெடுத்தார். இன்றைக்கு ஒரு யாழ் செய்யவேண்டுமென்றால் எந்த நரம்பை எந்த அளவுக்குச் சுருதி கூட்டுவது என்று ஒரு தச்சனுக்கோ வாத்தியக்காரனுக்கோ சொல்லக்கூடிய நிலைக்கு அதைக் கொண்டுவந்தார். ‘கண்டுபிடித்தார்’ என்பதைவிட இது பெரிய வேலை என்பது என் எண்ணம். புதிதாக ஒன்றைச் செய்பவர் தன் விருப்பப்படி செய்யலாம். அழிந்ததை மீட்பவர் ஒவ்வொரு அடியிலும் பழைய ஏட்டுக்குப் பதில் சொல்லவேண்டும்.

சிக்கல் எங்கே இருந்தது?

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் முதல் ஆட்டம் வருகிறது. ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன் என்று வரிசையாகத் தகுதி சொல்லி வரும் இளங்கோ, யாழாசிரியனுக்கு இருபத்தைந்து அடிகளை ஒதுக்குகிறார். ‘ஈரேழ் தொடுத்த செம்முறைக் கேள்வி’, அதாவது 14 நரம்பு யாழ், எப்படிச் சுருதி கூட்டப்படுகிறது என்பது அந்த அடிகளுக்குள் இருக்கிறது. யாழ் நூல் அந்த இருபத்தைந்து அடிகளுக்கான விரிவுரை. பல நூறு பக்கம் ஓடும் ஒரு பெரும் நூலின் மூலம் இருபத்தைந்தே அடி.

அந்த அடிகள் ஏன் விளங்கவில்லை?

முதல் காரணம், இளங்கோ தெரிந்தவர்களுக்காக எழுதினார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரப் பெயர்களும் அன்றைய வாசகருக்குச் சரிகமபதநி போலப் பழக்கமானவை. நமக்கு அவை வெறும் சொற்கள்.

இரண்டாவது, உரையாசிரியர் அடியார்க்குநல்லார் காலத்திலேயே பல இசை நூல்கள் மறைந்துவிட்டன. பஞ்சமரபு, இந்திரகாளியம் போன்ற சிலவற்றைத் துணையாகக் கொண்டு அவர் எழுதினார். பஞ்சமரபு 1970களில்தான் அச்சேறியது. விபுலானந்தருக்கு உரையில் சிந்திய மேற்கோள் துண்டுகளே கிடைத்தன. கோவலனும் மாதவியும் மாறி மாறி யாழ் வாசிக்கும் கானல் வரிக்கு அடியார்க்குநல்லார் உரையே இல்லை. எது மிகவும் வேண்டுமோ அதுவே கிடைக்கவில்லை.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. கிடைத்த உரையில் எண்கள் உண்டு, ஆனால் அந்த எண்கள் எதை அளக்கின்றன என்று சொல்ல ஒலியியல் தெரிந்த ஆள் வேண்டும்.

கணக்கு எப்படி ஓடுகிறது?

கொஞ்சம் பொறுமை வேண்டிய பகுதி இது. கீழே வருவது யாழ் நூலின் பக்கங்களை அப்படியே தருவதல்ல. அந்த வகைக் கணக்கைப் பள்ளிக்கூட அளவுக்கு எளிதாக்கிய விளக்கம்.

1. அலகு. பழைய வெண்பா ஒன்று ஏழு சுரத்துக்கும் பங்கு சொல்கிறது: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. கூட்டினால் 22. ஒரு குரலிலிருந்து அடுத்த மேல் குரல் வரையுள்ள தூரம் 22 அலகு. சுருதி என்று வடமொழி நூல்கள் சொல்வதும் இதைத்தான்.

2. விகிதம். ஒரே இழுவிசையில் உள்ள நரம்பைப் பாதியாக்கினால் அதிர்வு இரட்டிக்கும், மேல் குரல் கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் அதிர்வு ஒன்றரை மடங்காகும். அது இளி, இன்றைய பஞ்சமம். நான்கில் மூன்று பங்காக்கினால் உழை, இன்றைய சுத்த மத்திமம். இவை காது இயல்பாகவே இனிமை என்று ஏற்றுக்கொள்ளும் உறவுகள். ஐந்தாம் சுரத்தின் உறவுக்குத் தமிழ் நூல்கள் கொடுத்த பெயர் ‘கிளை’. உறவுமுறை என்ற பொருளில். நான்காவது ‘நட்பு’. பொருந்தாதது ‘பகை’. இசை இலக்கணத்தை இப்படிக் குடும்பப் பேச்சில் சொன்னவர்கள் நம்மவர்கள்.

3. நீளம். சரி, இப்போது 90 சென்ரிமீற்றர் நரம்பு ஒன்றைக் குரலுக்கு வைத்துக்கொள்வோம். நாலு அலகு இடைவெளிக்கு 9/8, மூன்று அலகுக்கு 10/9, இரண்டு அலகுக்கு 16/15 என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், துத்தம் 80, கைக்கிளை 72, உழை 67.5, இளி 60, விளரி 54, தாரம் 50.6, மேல் குரல் 45. உழையும் இளியும் மேலே சொன்ன நான்கில் மூன்று, மூன்றில் இரண்டு பங்கோடு அப்படியே பொருந்துவதைக் கவனியுங்கள். சொற்களாக இருந்தவை சென்ரிமீற்றராகிவிட்டன.

4. பாலை மாற்றம். பாலை என்பது ஏழு சுரங்களின் ஒரு வரிசை. யாழில் மெட்டு இல்லை என்றோம். அப்படியானால் வேறு வேறு பண்ணை எப்படி வாசிப்பது? எல்லா நரம்பையும் அவிழ்த்துக் கட்டவேண்டியதில்லை. தொடங்கும் நரம்பை மாற்றினால் போதும். துத்தத்தைக் குரலாக வைத்துத் தொடங்கினால் இடைவெளிகளின் வரிசை மாறுகிறது, கேட்கும் இசையும் மாறுகிறது. கருநாடக இசையில் கிரகபேதம் என்பது இதுவே. ஏழு நரம்பு, ஏழு தொடக்கம், ஏழு பாலை. இன்றைய பெயர்களோடு பலரும் ஒப்புக்கொள்ளும் பொருத்தம் இது:

குரல் தொடக்கம், செம்பாலை: அரிகாம்போதி.
துத்தம், படுமலைப்பாலை: நடபைரவி.
கைக்கிளை, செவ்வழிப்பாலை: பஞ்சமம் இல்லாத, இரண்டு மத்திமமும் வரும் தோடி வகை.
உழை, அரும்பாலை: சங்கராபரணம்.
இளி, கோடிப்பாலை: கரகரப்பிரியா.
விளரி, விளரிப்பாலை: தோடி.
தாரம், மேற்செம்பாலை: கல்யாணி.

கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் கல்யாணியை இழுக்கும்போது கேட்பது மேற்செம்பாலையின் ஏழு சுரத்தைத்தான். பெயர் போய்விட்டது, பொருள் தங்கிவிட்டது.

5. இடறும் இடம். கணக்குத் தெரியாதவர் நாலாம் படியோடு மகிழ்ச்சியாக நின்றுவிடுவார். தெரிந்தவர் இங்கேதான் தலையைச் சொறிவார். குரலிலிருந்து இளி 13 அலகு: 4, 3, 2, 4. நல்லது. இப்போது துத்தத்தைக் குரலாக்கினால் அதற்கு இளியாக வருவது விளரி. துத்தத்திலிருந்து விளரிக்கு எண்ணுங்கள்: 3, 2, 4, 3. மொத்தம் 12. ஓர் அலகு குறைகிறது. நீளத்தில் பார்த்தாலும் அதே குறை: 80 இல் மூன்றில் இரண்டு 53.3 ஆக இருக்கவேண்டும், நம் விளரியோ 54. வித்தியாசம் ஏழு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. காகிதத்தில் அற்பம், காதுக்கு அபசுரம்.

அந்த ஏழு மில்லிமீற்றரை என்ன செய்வது? நரம்பைச் சற்று முறுக்கித் திருத்துவதா, அலகுப் பங்கீட்டை வேறுவிதமாகப் படிப்பதா, பழைய நூல் சொல்லும் ஆயப்பாலை, வட்டப்பாலை முறைகளில் இதற்கு வழி இருக்கிறதா? யாழ் நூலின் ‘இசை நரம்பியல்’, ‘பாலைத் திரிபியல்’ இரண்டும் இத்தகைய கேள்விகளோடு மல்லுக்கட்டும் பகுதிகள். முதன்முறை புரட்டுபவர்கள் பக்கம் பக்கமாகப் பின்னமும் அட்டவணையும் கண்டு மூடிவைத்துவிடுவது இங்கேதான். தமிழ் நூல் என்று நம்பி எடுத்தவருக்குக் கணக்குப் புத்தகம் கையில் கிடைத்த மாதிரி இருக்கும்.

22 ஆ, 24 ஆ?

இதே சிக்கலுக்கு வேறொரு விடையும் இருந்தது. தஞ்சையில் மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். ஒரு தானத்தை, அதாவது ஒரு குரலிலிருந்து அடுத்த மேல் குரல் வரையுள்ள தூரத்தை, சமமான 24 பங்காகப் பிரிப்பதே பழந்தமிழ் முறை என்பது அவர் வாதம். சமமாகப் பிரித்தால் ஐந்தாம் படியின் இடறல் மறைந்துவிடும். எந்த நரம்பில் தொடங்கினாலும் அளவு பிசகாது. விலை என்னவென்றால், எல்லா உறவும் மயிரிழை அளவு தன் இயற்கையான இனிமையிலிருந்து விலகும். இன்றைய மின்னிசைக் கருவிகளான கீபோர்டுகள் பன்னிரண்டு சமபங்கை ஏற்று இதே விலையைக் கொடுக்கின்றன.

ஏன் இந்தத் தேர்வு தவிர்க்க முடியாதது என்பதற்கு ஒரு கணக்கு. ஒன்றரை மடங்காகப் பன்னிரண்டு தடவை ஏறினால் 129.75 வரும். இரட்டிப்பாக ஏழு தடவை ஏறினால் 128. இரண்டும் ஒரே சுரத்தில் போய் முடியவேண்டியவை, ஆனால் முடிவதில்லை. இயற்கை விட்டுவைத்த இடைவெளி அது. அதை எங்காவது ஒளித்து வைத்துத்தான் எந்த இசை மரபும் நடக்கிறது. விபுலானந்தர் 22 அலகின் பக்கம் நின்றார், வெண்பா அதைத்தான் சொல்கிறது என்பதால். ஆபிரகாம் பண்டிதர் சொன்னது தவறு, விபுலானந்தர் சொன்னது சரி என்று கட்சி கட்டத் தேவையில்லை. இருவரும் வெவ்வேறு இடத்தில் அந்த இடைவெளியை வைத்தார்கள். குரல் என்பது இன்றைய ஷட்ஜமா வேறு சுரமா என்பதிலும் ஆய்வாளர்கள் இன்றுவரை ஒரே கருத்தில் இல்லை.

நூல் எப்போது, எங்கே வெளிவந்தது?

பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. நடுவில் இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் இருந்து ‘பிரபுத்த பாரத’ ஆங்கில இதழின் ஆசிரியர் பொறுப்பு, கலைச்சொல்லாக்கப் பணி, பாடசாலைகள், கொழும்பில் பேராசிரியர் வேலை. 1947 ஜூன் 5, 6 ஆகிய நாட்களில் தஞ்சைப் பகுதியிலுள்ள திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் அரங்கேற்றம் நடந்தது. அவர் ஆராய்ந்து சொன்ன அளவில் செய்யப்பட்ட கருவிகள் அங்கே இசைக்கப்பட்டன. ஏறக்குறைய ஆறு கிழமையில், ஜூலை 19 இல், கொழும்பில் காலமானார். வயது 55. உடலைக் கல்லடிக்குக் கொண்டுவந்து சிவானந்த வித்தியாலய வளவில் சமாதி வைத்தார்கள். இறைவனுக்கு உகந்த மலர் எது என்று கேட்டு அவர் பாடிய ‘வெள்ளைநிற மல்லிகையோ’ பாடல் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது.

இந்தக் காலக்கணக்கு ஒரு விளைவை உண்டாக்கியது. நூல் வெளிவந்ததும் எழுந்த ஐயங்களுக்கு ஆசிரியரே பதில் எழுத வாய்ப்பில்லாமல் போயிற்று. மறுப்பு, மறுமொழி, திருத்திய பதிப்பு என்று ஒரு விஞ்ஞான நூல் வளர்கிற வழியில் அது வளரவில்லை. மாலை போட்டு மேசையில் வைத்துவிட்டோம். விபுலானந்தருக்கு நாம் செய்த பெரிய அநியாயம் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அதனால் என்ன மாறியது?

தமிழகத்தில் நேரம் பொருந்தி வந்தது. சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1943 இல் தொடங்கியிருந்தது. ‘தமிழில் இசை இலக்கணம் இருந்ததா?’ என்ற கேள்வி சூடாக இருந்த நேரம். யாழ் நூலின் தேவாரவியல் பகுதி தேவாரப் பண்களை எடுத்துப் பேசியது; 1949 முதல் சங்கம் நடத்திய பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் அந்த வகை ஆய்வு தொடர்ந்தது.

கிழக்கில் விளைவு வேறு வழியில் வந்தது. கல்லடியில் அவர் பெயரில் இசை நடனக் கல்லூரி ஒன்று எழுந்து, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாகியது. இசை, நடனம், நாடகம், காண்பியக்கலை நான்கும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன.

கூத்தின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நாடகத் தமிழுக்கு அவர் எழுதியது ‘மதங்க சூளாமணி’. ஷேக்ஸ்பியரைச் ‘செகசிற்பியார்’ என்று தமிழாக்கி, அவருடைய நாடகங்களைப் பழைய தமிழ், வடமொழி நாடக இலக்கணத்தோடு வைத்துப் பார்த்த நூல். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்தவர்களில் ஒருவர் சு. வித்தியானந்தன். 1960களில் பேராதனையில் அவர் மட்டக்களப்புக் கூத்துக்களை எடுத்து, மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று மேடையேற்றினார். அதில் ஆடியும் எழுதியும் பங்கெடுத்த மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அதே வேலையைத் தொடர்ந்தார். ஏட்டில் கிடந்த யாழை மேடைக்குக் கொண்டுவந்தவரின் மாணவர், களரியில் கிடந்த கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். ஒன்றிலிருந்து மற்றது நேராகப் பிறந்தது என்று சொல்லமாட்டேன். நம்மிடம் உள்ளதை வெட்கப்படாமல் ஆராயலாம் என்ற துணிச்சல் மட்டும் கைமாறியிருக்கும்.

யாழ் மட்டும் திரும்பி வந்து வீடுகளில் குடியேறவில்லை. காரணம் கருவியிலேயே இருக்கிறது. கருநாடக இசை கமகத்தால் வாழ்வது; ஒரு சுரத்தை அசைத்து, வழுக்கி, அடுத்ததோடு இழைக்கவேண்டும். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அதைச் செய்யலாம். ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்று நிற்கும் யாழில் அது எளிதல்ல. அண்மை ஆண்டுகளில் தமிழகத்தில் இளம் கருவிக் கலைஞர்கள் யாழ் செய்து மேடைக்குக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் வாசிப்பது பெரும்பாலும் புதிய இசை. அது பழைய யாழின் மறுபிறப்பா, வேறு கருவியா என்பது தனி விவாதம்.

வாவி எங்கே வருகிறது?

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்பார்கள். கல்லடிப் பாலத்தருகே, நிலவு காலத்தில், தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் நீருக்கடியிலிருந்து மெல்லிய ஒலிகள் வரும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இதைக் கேட்டு எழுதிவைத்தார். 1954 இல் மட்டக்களப்பிலிருந்த இயேசு சபைக் குருமார் ஒலிப்பதிவு செய்தார்கள். பாடுவது மீனா, ஊரி என்ற நத்தை வகையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

விபுலானந்தர் பாடசாலை கட்டிய கல்லடி உப்போடை அந்த வாவிக் கரையில்தான். அந்த ஒலிகளைப் பாடும் பெண்களாக்கி, ‘நீரரமகளிர்’ என்று பெயர் கொடுத்து, அவர்களின் இன்னிசையைப் பாட்டாகவே எழுதி யாழ் நூலில் சேர்த்தார். பின்னமும் அட்டவணையுமாகப் போகும் ஒரு நூலில் மட்டக்களப்பு வாவி வந்து நிற்கிற இடம் அது. நூலைக் கையில் எடுக்கும் கிழக்கு மாகாணத்து வாசகர் பாலைத் திரிபியலில் தொடங்கித் திணறவேண்டாம். முதலில் நீரரமகளிரைப் படிக்கட்டும், பிறகு 90 சென்ரிமீற்றர் தந்தி ஒன்றும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு இசை நரம்பியலுக்குப் போகட்டும்.